2,625க்கும் 2,950க்கும் நடுவே: ஒரு பில்லிங் மென்பொருள், இரண்டு பொறுப்புகள்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் தீபாவளிக்கு முந்தைய சில வாரங்களின் வியாபாரத்தை நம்பியே பல துணிக்கடைகள் ஆண்டு முழுவதும் ஷட்டரைத் தூக்குகின்றன. அந்தக் கடைகளுக்குப் பில்லிங் மென்பொருள் விற்கும் சிறு நிறுவனம் ஒன்று தண்டையார்பேட்டையில் இருக்கிறது. 2025 தீபாவளி முடிந்த கையோடு அதன் நிறுவனர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: “புராடக்ட் மேனேஜர் என்று ஒருவர், புராடக்ட் மார்க்கெட்டிங் மேனேஜர் என்று இன்னொருவர். இரண்டு பேரும் கடை கடையாகப் போகிறார்கள், இரண்டு பேரும் கடைக்காரர்களிடம் பேசுகிறார்கள், இரண்டு பேரும் என்னிடம் வந்து இது வேண்டும் அது வேண்டும் என்கிறார்கள். ஒரே வேலைக்கு இரண்டு சம்பளம் கொடுக்கிறேனா?”

நியாயமான கேள்விதான். பதிலை விளக்கப் படம் வரைந்து சொல்லியிருக்கலாம். அதைவிட, அந்தத் தீபாவளிக்கு முன் அங்கே நடந்ததை அப்படியே பிரித்துப் பார்ப்பது பயனுள்ளதாகப் பட்டது. நிறுவனத்தின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் விட்டுவிடுகிறேன்.

நிறுவனர் வைத்திருந்த இலக்கணம்

இரண்டு பேரையும் வேலைக்கு எடுத்தபோது நிறுவனர் மனத்தில் இருந்தது எளிய பாகுபாடு: ஒருவர் என்ன செய்வது என்று முடிவெடுப்பார், செய்து முடித்ததை மற்றவர் ஊருக்குச் சொல்வார். புராடக்ட் மேனேஜர் மென்பொருள் எழுதுபவர்களோடு உட்காருவார். புராடக்ட் மார்க்கெட்டிங் மேனேஜர் விற்பனைப் பிரிவோடு உட்காருவார், துண்டுப் பிரசுரம் எழுதுவார், வாட்ஸ்அப் படம் தயாரிப்பார்.

பெரும்பாலான சிறு நிறுவனங்களில் இதுதான் நடைமுறை. சாதாரண மாதங்களில் இதன் குறை வெளியே தெரியாது. 2025 செப்டம்பர் சாதாரண மாதமாக இருக்கவில்லை.

செப்டம்பர் 3

அன்று கூடிய ஜிஎஸ்டி கவுன்சிலின் 56ஆவது கூட்டம் வரி விகிதங்களை மாற்றியது. துணிக்கடைகளைத் தொட்ட மாற்றம் இது: அதுவரை ஓர் ஆயத்த ஆடையின் வரி சேர்க்காத விற்பனை மதிப்பு 1,000 ரூபாய் வரை இருந்தால் 5 சதவீத வரி, அதைத் தாண்டினால் 12 சதவீதம். இனி 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், தாண்டினால் 18 சதவீதம். செப்டம்பர் 22 முதல் அமல். அக்டோபர் 20 தீபாவளி. நவராத்திரி தொடங்கும் நாளில் எல்லாக் கடைகளிலும் பில் மாறியாக வேண்டும். அதற்குக் கையில் இருந்தது மூன்று வாரத்துக்கும் குறைவான காலம்.

விகிதத்தை மாற்றுவது மென்பொருளில் பெரிய வேலை இல்லை, ஓர் எண்ணைத் திருத்தினால் போதும் என்றுதான் நிறுவனர் நினைத்தார். புராடக்ட் மேனேஜருக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் இதே தெருவில் ஒரு தீபாவளி முழுக்கக் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவர். எம்.சி. ரோட்டில் விலை என்பது டேக்கில் எழுதியிருப்பது அன்று. பேரம் முடிந்து வாயில் வருவது. அந்த விலையில் வரியும் அடக்கம். “எல்லாம் சேர்த்து 2,800 கொடுங்கள்” என்று கடைக்காரர் சொன்ன பிறகு, அதிலிருந்து வரியைப் பின்னோக்கிப் பிரித்தெடுப்பது மென்பொருளின் வேலை.

அந்த 2,800ஐ எடுத்துக்கொள்வோம். 5 சதவீதம் என்று வைத்துப் பிரித்தால் ஆடையின் மதிப்பு 2,666 ரூபாய் 67 காசு. இது 2,500க்கு மேல். ஆகவே 18 சதவீதம் போட வேண்டும். சரி, 18 என்று வைத்துப் பிரித்தால் மதிப்பு 2,372 ரூபாய் 88 காசு. இது 2,500க்குக் கீழ். ஆகவே 5 சதவீதம்தான் போட வேண்டும். இந்தச் சுற்றுக்கு முடிவே கிடையாது. வரி அடங்கிய விலை 2,625க்கு மேற்பட்டு 2,950 வரை எங்கே நின்றாலும் இதே கதைதான். அந்த இடைவெளியில் எந்த விலைக்கும் பொருந்துகிற வரி விகிதம் இல்லை.

பழைய விதியிலும் இப்படி ஒரு பள்ளம் இருந்தது. 1,050க்கும் 1,120க்கும் நடுவில், வெறும் 70 ரூபாய் அகலத்தில். யாரும் கவனிக்காமல் தாண்டிப் போய்விட்டார்கள். புதிய பள்ளத்தின் அகலம் 325 ரூபாய். அதுவும் கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் எடுக்கும் சுடிதார் செட், ஷெர்வானி, பட்டுப் பாவாடை செட் விலைகள் வந்து விழுகிற இடத்தில். புடவைக்கு இந்தத் தொல்லை இல்லை. அது துணி என்ற கணக்கில் எந்த விலையானாலும் 5 சதவீதம்தான்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. வரம்பு ஓர் உருப்படிக்கானது, மொத்த பில்லுக்கானது அன்று. நான்கு உருப்படி வாங்கிய குடும்பத்துக்குக் கடைசியில் “மொத்தத்தில் பத்து சதவீதம் தள்ளுபடி” என்று கழித்தால், அந்தத் தள்ளுபடியை ஒவ்வொரு உருப்படிக்கும் பிரித்துக் கொடுத்த பிறகே எது 2,500க்குள் வருகிறது என்று பார்க்க முடியும். பழைய மென்பொருள் தள்ளுபடியைக் கடைசி வரியில் மட்டும் கழித்தது. அதை அடியோடு மாற்ற வேண்டியிருந்தது.

இதுவரை சொன்னது முழுக்கப் புராடக்ட் மேனேஜரின் வேலை. பிரச்சினை எங்கே இருக்கிறது, அதில் எந்தப் பகுதியை 22ஆம் தேதிக்குள் தீர்ப்பது, எதைத் தள்ளிவைப்பது என்று தீர்மானிப்பது. அவர் தள்ளிவைத்தவையும் உண்டு: புதிய அறிக்கைகள், கைபேசிச் செயலியின் புதிய முகப்பு, விற்பனைப் பிரிவு ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த தவணைக் கணக்கு. யாருக்கும் பிடிக்காத ‘இப்போது இல்லை’ என்ற பதிலைக் காரணத்தோடு சொல்லத்தான் அவருக்குச் சம்பளத்தில் பாதி என்று எனக்குத் தோன்றும்.

அதே தெரு, வேறு காது

அதே வாரத்தில் புராடக்ட் மார்க்கெட்டிங் மேனேஜர் தியாகராயா கல்லூரி மெட்ரோ நிலையத்தில் இறங்கி, தெருவின் இரண்டு பக்கமும் நடந்தார். கையில் ‘புதிய ஜிஎஸ்டிக்கு நாங்கள் தயார்’ என்ற தலைப்பில் ஒரு பிரசுர வரைவு. ஏற்கெனவே மென்பொருளை வாங்கிய கடைகளை விட்டுவிட்டு, வாங்காத கடைகளுக்கும், வாங்கிப் பிறகு நிறுத்திவிட்ட கடைகளுக்கும் போனார். இந்தத் தேர்விலேயே வேலையின் வேறுபாடு இருக்கிறது. புராடக்ட் மேனேஜர் பெரும்பாலும் பயன்படுத்துபவரைப் பார்க்கிறார். இவர் வாங்கப்போகிறவரையும் வாங்காமல் போனவரையும் பார்க்கிறார்.

குழந்தைகள் ஆடை விற்கும் ஒரு கடையில் வரைவைக் காட்டினார். உரிமையாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முழுவதும் படித்தார்.

“இது நமக்கு இல்லையேம்மா.”

“ஏன் பாய், நீங்கள் ஜிஎஸ்டி பதிவு வைத்திருக்கிறீர்களே?”

“வைத்திருக்கிறேன். ஆனால் காம்போசிஷன். பில்லில் வரியே போடக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை விற்றதில் ஒரு சதவீதம் என் கையிலிருந்து கட்டுகிறேன். அது ஐந்தானால் எனக்கென்ன, பதினெட்டானால் எனக்கென்ன?”

ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடி ரூபாய்க்குள் இருக்கும் வணிகர் காம்போசிஷன் என்கிற தொகுப்பு வரித் திட்டத்தில் சேரலாம். விற்றதில் ஒரு சதவீதம் கட்டிவிட்டால் போதும். வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது, கொள்முதலில் கட்டிய வரியைத் திரும்பக் கழித்துக்கொள்ளவும் முடியாது. எம்.சி. ரோட்டின் சிறு கடைகளில் இப்படிப்பட்டவர்கள் பலர். அவர்களுக்கு ‘புதிய ஜிஎஸ்டிக்கு நாங்கள் தயார்’ என்பது அடுத்த வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகை.

இங்கேயே நின்றிருந்தால் அவரைச் சுமாரான மார்க்கெட்டிங் ஆள் என்றுதான் சொல்லியிருப்பேன். அவர் இன்னும் ஒரு படி போனார். பில்லில் மாற்றம் இல்லை என்றால் கொள்முதலில் இருக்கிறதா? இருந்தது. கோடவுன் தெருவிலோ திருப்பூரிலோ 1,000க்கு மேல் 2,500க்குள் விலை உள்ள ஆடையை இவர்கள் வாங்கும்போது இதுவரை 12 சதவீத வரி சேர்த்துக் கொடுத்தார்கள். இனி 5 சதவீதம். வரியைத் திரும்பப் பெற முடியாதவர்களுக்கு அந்த ஏழு சதவீதம் நேராக அடக்க விலையில் குறைகிறது. புதிய சரக்கும் பழைய சரக்கும் ஒரே அலமாரியில் ஒரே டேக்கோடு கலந்து தொங்கினால், எதில் என்ன லாபம் என்று கடைக்காரருக்கே தெரியாமல் போகும். ஆக, அந்தக் கடைகளுக்குச் சொல்ல வேண்டிய செய்தி வேறு: பழைய அடக்கத்தையும் புதிய அடக்கத்தையும் பிரித்துக் காட்டும் வசதி இதே மென்பொருளில் ஏற்கெனவே இருக்கிறது. யாரும் அதைப் பெரிதாகச் சொன்னதே இல்லை.

குழந்தைகள் ஆடைக் கடைக்காரர் இன்னொன்றும் சொன்னார். தீபாவளி வியாபாரம் நன்றாக இருந்தால் ஒன்றரைக் கோடியைத் தாண்டிவிடுவோமோ என்ற பயம் அவருக்கு இருந்தது. தாண்டினால் சாதாரண வரி முறைக்கு மாற வேண்டும். எவ்வளவு வந்திருக்கிறது என்று அவ்வப்போது காட்டினால் நன்றாக இருக்கும் என்றார். இதைக் கேட்டுக்கொண்டு வந்து புராடக்ட் மேனேஜரிடம் சொன்னபோது, இந்தப் பண்டிகைக்கு முடியாது என்று அவர் மறுத்தார். மறுத்தது சரி. கேட்டதும் சரி.

ஓர் அட்டை

இரண்டு பேரும் மோதிக்கொண்டது அந்த 325 ரூபாய்ப் பள்ளத்தில்தான். பள்ளத்தில் விலை விழுந்தால் பில்லை நிறுத்திவிட வேண்டும் என்பது புராடக்ட் மேனேஜரின் முதல் வடிவமைப்பு. தவறான பில் போவதைவிட பில் போகாமல் இருப்பது மேல் என்பது அவர் வாதம். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு, கல்லாவில் இருபது பேர் நிற்கும்போது திரை சிவப்பாகி நின்றால், கடைக்காரர் மென்பொருளை மூடிவிட்டுக் கார்பன் வைத்த பில் புத்தகத்தை எடுத்துவிடுவார். எடுத்தவர் திரும்ப வரமாட்டார் என்றார் மார்க்கெட்டிங் மேனேஜர். இரண்டுமே உண்மை.

வழி கிடைத்தது கணக்கை இன்னொரு பக்கத்திலிருந்து பார்த்தபோது. 2,625 ரூபாய்க்கு விற்றால் வரி போகக் கடைக்காரர் கையில் நிற்பது 2,500. 2,951க்கு விற்றால் கையில் நிற்பது 2,500 ரூபாய் 85 காசு. வாடிக்கையாளர் 326 ரூபாய் அதிகம் கொடுக்கிறார். கடைக்காரருக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் வரவில்லை. 3,000க்கு விற்றால்கூடக் கூடுதலாகக் கிடைப்பது 42 ரூபாய்தான்.

இந்தக் கணக்கைப் போட்டது புராடக்ட் மேனேஜர். அதை ஒரு பேரத்தின் முடிவாக மாற்றியது மார்க்கெட்டிங் மேனேஜர். கல்லாப் பெட்டிக்கு மேலே ஒட்டும் அளவில் ஓர் அட்டை அடித்தார்கள். அதில் மென்பொருளின் பெயர் ஓரத்தில் சிறிதாக இருந்தது. நடுவில் இருந்தது இது: “பேரம் 2,950க்குக் கீழே இறங்கிவிட்டதா? 2,625க்கே கொடுங்கள். உங்கள் கைக்கு வருவது அதே 2,500.” மென்பொருளிலும் சிவப்புத் திரை போய், பள்ளத்தில் விழுந்த விலைக்கு 2,625 அல்லது 2,951 என்று இரண்டு பொத்தான்கள் வந்தன. விலைச் சிக்கல் பேரம் பேசும் உத்தியாகிவிட்டது. மென்பொருளை வாங்காத கடைகளும் அட்டையை வாங்கி ஒட்டின. நிறுவனருக்கு இதில் கொஞ்சம் வருத்தம். எனக்கு அதில் வருத்தம் இல்லை. அந்த மாதத்தின் மிகச் சிறந்த வேலை அதுதான்.

21ஆம் தேதி இரவு

நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த கதையில் விற்பனைப் பிரிவின் ஒரு வாட்ஸ்அப் செய்தி புகுந்தது. 21ஆம் தேதி ஞாயிறு இரவு, எல்லா வாடிக்கையாளர்களுக்கும் ஒரே செய்தி: “நாளை முதல் உங்கள் பில்லில் புதிய வரி விகிதம் தானாகவே வந்துவிடும்.” புதிய பதிப்பில் என்ன மாறியிருக்கிறது என்று புராடக்ட் மேனேஜர் தன் குழுவுக்காக எழுதிய வெளியீட்டுக் குறிப்பிலிருந்து எடுத்த வாக்கியம். அவர் எழுதிய இடத்தில் அது நூற்றுக்கு நூறு சரி.

தொகுப்பு வரித் திட்டத்தில் இருந்த கடைக்காரர்கள் அதை வேறு விதமாகப் படித்தார்கள். என் பில்லில் வரி வரக் கூடாதே, இவர்கள் வரியைப் போட்டுவிட்டால் நாளைக்கு அதிகாரி வந்து கேட்பாரே? மறுநாள் காலை கடை திறக்கும் நேரத்தில் உதவி எண்ணுக்கு அழைப்புகள் குவிந்தன. மென்பொருள் சரியாகவே இருந்தது. அவர்கள் பில்லில் எந்த வரியும் வரவில்லை. இருந்தாலும் சிலர் அன்று முழுவதும் கையால் பில் எழுதினார்கள்.

யார் தவறு என்ற விசாரணையில் மூன்று பேரும் நியாயமாகவே பேசினார்கள். நான் எழுதியது உள் குறிப்பு என்றார் புராடக்ட் மேனேஜர். எனக்குக் காட்டவே இல்லை என்றார் மார்க்கெட்டிங் மேனேஜர். இரவு எட்டு மணிக்கு வாடிக்கையாளர்கள் கேட்டார்கள், கையில் இருந்ததை அனுப்பினேன் என்றார் விற்பனை ஆள்.

நிறுவனரின் கேள்விக்கு நான் கொடுத்த பதில் இந்தச் சம்பவத்திலிருந்து வந்தது. இரண்டு பேரும் செய்யும் வேலைகளைப் பட்டியல் போட்டால் பாதி ஒன்றாகத்தான் இருக்கும். கடைக்காரர் பேச்சு, போட்டியாளர் பார்வை, விலை பற்றிய கருத்து எல்லாம் இரண்டு பட்டியலிலும் வரும். எந்தத் தவறுக்கு யார் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டால் கோடு உடனே தெரிகிறது. பில்லில் தவறான வரி வந்தால், தேவையில்லாத வசதியைக் கட்டி நேரம் வீணானால், அது புராடக்ட் மேனேஜரின் தவறு. சரியான பொருள் தவறான ஆளிடம் போனால், சரியான ஆள் அதைத் தவறாகப் புரிந்துகொண்டால், வாங்க வேண்டியவர் தனக்கு இல்லை என்று நினைத்து நகர்ந்துவிட்டால், அது புராடக்ட் மார்க்கெட்டிங்கின் தவறு. 21ஆம் தேதி நடந்தது இரண்டாவது வகை. அந்த வகைக்கு அன்று பொறுப்பாளர் என்று யாரும் இல்லை. அந்த நாற்காலியில் இருந்தவரைத் துண்டுப் பிரசுரத்துக்கு என்று மட்டும் வைத்திருந்தார்கள்.

ஒரு காலத்தில் ஒரே ஆள்

இரண்டும் ஒரே ஆளிடம் இருந்த காலம் உண்டு. 1931இல் அமெரிக்காவின் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் கேமே சோப்பின் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நீல் மெக்எல்ராய், ஒவ்வொரு பிராண்டுக்கும் தனிப் பொறுப்பாளர் வேண்டும் என்று மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். தன் சோப்பு அதே நிறுவனத்தின் ஐவரி சோப்பின் நிழலில் கிடக்கிறது என்ற ஆதங்கம் அதன் பின்னணி. எங்கே விற்கிறது, எங்கே விற்கவில்லை, ஏன், என்ன செய்யலாம் என்று எல்லாவற்றையும் ஒருவரே பார்க்க வேண்டும் என்பது யோசனை. இன்றைய இரண்டு பதவிகளுமே அந்தக் குறிப்பைப் பூர்வீகமாகச் சொல்லிக்கொள்கின்றன. மெக்எல்ராய் பின்னாளில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராகவும் இருந்தார்.

சோப்பின் கலவை மாதா மாதம் மாறுவதில்லை. அதனால் ஒரே ஆள் தாங்கினார். மென்பொருள் வாரா வாரம் மாறுகிறது. என்ன கட்டுவது என்ற கேள்வி முழு நேரத்தையும் தின்றுவிடும்போது, யாருக்கு, ஏன் என்ற கேள்வி பின்னால் தள்ளப்படுகிறது. ஒரே ஆளிடம் இரண்டையும் கொடுக்கும் நிறுவனங்களில் பெரும்பாலும் சத்தமில்லாமல் சாவது மார்க்கெட்டிங் பாதிதான். கட்ட வேண்டியதற்குக் கெடு இருக்கிறது, புரியவைப்பதற்குக் கெடு இல்லை.

நம் ஊரிலேயே தெளிவான எடுத்துக்காட்டு இருக்கிறது. ஷாம்பூவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கலாம் என்று கடலூரில் சின்னி கிருஷ்ணன் யோசித்தது பொருளைப் பற்றிய முடிவு: அளவு, விலை, அடைப்பு. அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் சிக் ஷாம்பூவைத் தொடங்கி, எந்த ஷாம்பூவின் காலி பாக்கெட்டுகளைக் கொண்டுவந்தாலும் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று அறிவித்தது வேறு வகை முடிவு. ஷாம்பூ மாறவில்லை. வேறு ஷாம்பூ போட்டுக்கொண்டிருந்தவர் இதற்கு மாறுவதற்கான காரணம் உருவானது.

இப்போதைய ஏற்பாடு

நிறுவனர் இரண்டு சம்பளத்தையும் தொடர முடிவு செய்தார். வெளியீட்டுக் குறிப்பு இனி இரண்டாக எழுதப்படுகிறது. உள் குறிப்பைப் புராடக்ட் மேனேஜர் எழுதுகிறார், வாடிக்கையாளருக்குப் போகும் எந்த வரியும் மார்க்கெட்டிங் மேனேஜர் கையெழுத்து இல்லாமல் போவதில்லை. வாடிக்கையாளர் பட்டியலில் சாதாரண வரி முறை, தொகுப்பு வரி, பதிவே இல்லாதவர் என்ற பிரிவு வந்திருக்கிறது. அந்தப் பட்டியல் மார்க்கெட்டிங் மேனேஜருடையது. புதிய வசதிக்கான யோசனைக் கூட்டத்தில் அவரும் முதல் நாளிலிருந்து உட்காருகிறார். என்ன கட்டுவது என்ற கடைசிச் சொல் மட்டும் புராடக்ட் மேனேஜருடையது. ஒன்றரைக் கோடி எச்சரிக்கை அடுத்த வெளியீட்டுப் பட்டியலில் முதலிடத்தில் இருக்கிறது.

தீராமல் நிற்பது விலை. தொகுப்பு வரிக் கடைகளுக்கு வசதிகளைக் குறைத்து, விலையையும் குறைத்துத் தனிப் பதிப்பு போடலாம் என்கிறார் மார்க்கெட்டிங் மேனேஜர். இரண்டு பதிப்பைப் பராமரிக்க ஆள் இல்லை, அதிலும் ஒன்றரைக் கோடியைத் தாண்டுகிற கடை ஒரே இரவில் பதிப்பு மாற வேண்டியிருக்கும் என்கிறார் புராடக்ட் மேனேஜர். விலையை யார் முடிவு செய்வது என்பதை மட்டும் நிறுவனர் இருவருக்கும் கொடுக்காமல் தன்னிடமே வைத்திருக்கிறார். பொங்கலுக்குள் சொல்லிவிடுங்கள் என்று இருவரும் கேட்டிருக்கிறார்கள்.